பட்டறைப் பதில்கள்: கைக்குள் அடங்கிய துவக்கு

போன இதழில் தண்ணீர் இறைக்கும் இயந்திரங்களைப் பற்றி எழுதும்போது ஒரு வரி சேர்த்திருந்தேன். ஜேம்ஸ் வாற் தன் நீராவி இயந்திரத்துக்குச் சரியான சிலிண்டர் கிடைக்காமல் தவித்தபோது, ஜோன் வில்கின்சன் பீரங்கி குடைவதற்கென்று செய்த இயந்திரம்தான் அவருக்குக் கைகொடுத்தது என்பதே அந்த வரி. கட்டுரை முழுவதும் பம்பியைப் பற்றி இருக்க, வந்த கடிதங்கள் அத்தனையும் துவக்கைப் பற்றி, அதாவது துப்பாக்கியைப் பற்றி.

வன்னியில் துவக்கைப் பற்றிக் கதைப்பது லேசான காரியம் இல்லை. அந்தச் சத்தத்துக்குப் பதுங்குகுழிக்குள் இறங்காத குடும்பம் இங்கே கிடையாது. எழுதத்தான் வேண்டுமா என்று இரண்டு நாள் யோசித்தேன். கேட்டவர்களில் பாதிப்பேர் பள்ளிக்கூடப் பிள்ளைகள். அவர்கள் இதைக் கைப்பேசி விளையாட்டில் படிப்பதைவிட, புதுக்குடியிருப்பில் நாற்பது வருடம் லேத் மெஷின் முன்னால் நின்ற ஒரு மனிசனிடம் கேட்டுப் படிப்பது நல்லது.

கேள்வி: திருக்குறளிலேயே 'துப்பாக்கி' என்று வருகிறதே. அப்படியானால் வள்ளுவர் காலத்திலேயே தமிழரிடம் துப்பாக்கி இருந்ததா? (தரம் 10 மாணவி, முழங்காவில்)

மகள், நீங்கள் சொல்வது 12ஆவது குறள்: "துப்பார்க்குத் துப்பாய துப்பாக்கித் துப்பார்க்குத் துப்பாய தூஉம் மழை." அங்கே இருப்பது 'துப்பு', 'ஆக்கி' என்று இரண்டு சொல். துப்பு என்றால் உணவு. உண்பவர்களுக்கு நல்ல உணவை விளைத்துக் கொடுத்து, தானும் அவர்களுக்குக் குடிக்கும் உணவாகிறது மழை. இரணைமடுக் குளத்தில் தண்ணீர் இறங்கிச் சிறுபோகம் தவறிய வருடத்தில் வாசித்துப் பாருங்கள், நெஞ்சில் இறங்கும். சுடுகிற துப்பாக்கி வேறு சொல். அது துருக்கி மொழியிலிருந்து எங்களிடம் வந்தது. வெடிமருந்து சீனாவில் பிறந்தது, வள்ளுவருக்கு வெகுகாலம் பிந்தி.

கேள்வி: கற்சிலைமடுவில் பண்டாரவன்னியனின் நினைவுக்கல்லைப் பார்க்கப் பிள்ளைகளைக் கூட்டிப்போனேன். அந்தச் சண்டையில் வெள்ளைக்காரரிடம் கைத்துப்பாக்கி இருந்திருக்குமா என்று மகன் கேட்டான். கைத்துப்பாக்கி எப்போது வந்தது? (வாசகர், ஒட்டுசுட்டான்)

மகனின் கேள்விக்கு முதலில் நேரான பதில். அந்தக் கல் சொல்லும் ஆண்டு 1803. வன்னி மன்னன் பண்டாரவன்னியனோடு மோதிய வெள்ளைக்காரத் தளபதி வொன் டிறிபேர்க்கின் படையில் ஓர் அதிகாரியின் இடுப்பில் கைத்துப்பாக்கி இருந்திருந்தால், அது சக்கிமுக்கிக் கல் வைத்த வகையாகத்தான் இருந்திருக்கும். ஒரு தரம் சுடலாம். பிறகு குழலின் வாய் வழியாக மருந்தும் ஈயக் குண்டும் போட்டு மறுபடி இடிக்க வேண்டும். மாரி மழையில் மருந்து நனைந்தால் அதுவும் இல்லை.

இனி எப்போது வந்தது என்பதற்கு வருகிறேன். மிகப் பழைய துவக்குகளில் மருந்தைப் பற்றவைக்க எரிகிற திரி வேண்டும். புகைந்துகொண்டிருக்கும் திரியை யாராவது மடியில் செருகுவானா? ஆகவே துவக்கு சிறியதாகி இடுப்புக்கு வருவதற்கு முதல், தானாக நெருப்பு உண்டாக்கும் ஒரு பூட்டு தேவைப்பட்டது. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பாவில் அது வந்தது. மணிக்கூட்டுக்குச் சாவி கொடுப்பதுபோல ஓர் உருக்குச் சில்லை முறுக்கி வைப்பார்கள். விசையை இழுத்தால் சில்லு சுழன்று கல்லில் உரசிப் பொறி பறக்கும். சிகரெட் லைற்றரில் பெருவிரலால் உருட்டுகிறோமே, அதே வேலைதான். இப்போதுதான் துவக்கை நெருப்பில்லாமல், தயார்நிலையில், சட்டைக்குள் மறைத்துக்கொண்டு போக முடிந்தது. அது வந்து அதிக காலம் ஆகுமுன்னமே புனித உரோமப் பேரரசர் முதலாம் மக்ஸிமிலியன் தன் நாட்டில் அதைத் தடைசெய்தார். மறைத்து வைக்கலாம் என்பதுதான் அவருக்கு இருந்த பயம். கைத்துப்பாக்கி பிறந்த அன்றே அதைப் பற்றிய பயமும் பிறந்துவிட்டது.

சில்லுப்பூட்டு விலை கூடியது, செய்வதற்கும் மணிக்கூடு செய்பவனின் கை வேண்டும். எளிமையான சக்கிமுக்கிப் பூட்டு அதைத் தள்ளிவிட்டு 200 வருடம் அரசாண்டது. அதை முடித்துவைத்தவர் ஒரு பாதிரியார். ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த அலெக்ஸாண்டர் ஃபோர்சைத். பறவை வேட்டைக்குப் போவார். விசையை இழுத்ததும் வெளியில் மருந்து பளிச்சென்று எரியும், அதைக் கண்டு வாத்து பறந்துவிடும், பிறகுதான் துவக்கு வெடிக்கும். இந்தச் சிறு தாமதத்தைப் பொறுக்காமல், தட்டினால் வெடிக்கும் இரசாயனத்தைக் கொண்டு புதுப் பூட்டு செய்து 1807இல் காப்புரிமை பெற்றார். அதிலிருந்து வளர்ந்ததுதான், அந்த இரசாயனத்தை அடைத்த சிறு செப்புக் கேப்.

கேப் என்றதும் எங்கள் பக்கத்துப் பழையவர்களுக்கு ஞாபகம் வந்திருக்கும். இடியன் துவக்கு. எங்கள் அப்பாவிடமும் ஒன்று இருந்தது. முத்தையன்கட்டுக் குளத்துக்குக் கீழே எங்கள் வயல். பன்றிக் காவலுக்கு அது வேண்டும். வீட்டு வளையில் தொங்கும். மருந்து மாட்டுக்கொம்பில், கேப் ஒரு தகர டப்பாவில். எனக்கு அப்போது பத்து வயது இருக்கும். பக்கத்துக் காணிக்காரரோடு வேலித் தகராறு. ஒருநாள் பொழுதுபட்ட பிறகு அவர் படலையில் நின்று அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். அப்பா ஒன்றும் கதைக்கவில்லை. வளையிலிருந்து துவக்கை இறக்கினார்.

திண்ணையில் இருந்து அவர் அதை நிரப்பியதை நான் தூணைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். கொம்பைச் சரித்து மருந்து ஊற்றினார். கை நடுங்கிப் பாதி நிலத்தில் கொட்டியது. தென்னந்தும்பைச் சுருட்டி வைத்து, கம்பியால் இடித்தார். டக், டக், டக். பிறகு ஈயக் குண்டுகள். பிறகும் தும்பு, பிறகும் இடி. குப்பி விளக்கு வெளிச்சத்தில் அவர் நெற்றியிலிருந்து வேர்வை குழலில் விழுந்தது. எல்லாம் முடித்து, கேப் டப்பாவைத் தேடினார். அது அம்மாவின் கைப்பொத்தலுக்குள் (பொத்திய கைக்குள்) இருந்தது.

"இஞ்சேருங்கோ, அந்தாள் போட்டுது. தேத்தண்ணி ஆறுது, குடியுங்கோ" என்றா அம்மா.

அப்பா கொஞ்ச நேரம் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு துவக்கைச் சுவரில் சாத்திவிட்டுத் தேத்தண்ணியை எடுத்தார். அடுத்த போகத்தில் அவரும் அந்தக் காணிக்காரரும் ஒரே துருசில் நின்று தண்ணீர் பங்கிட்டார்கள்.

ஒரு தரம் சுட இரண்டு நிமிடம். அந்த இரண்டு நிமிடம் எங்கள் குடும்பத்துக்கு ஒரு மறியல் வீட்டையும், இன்னொரு குடும்பத்துக்கு ஒரு செத்தவீட்டையும் தவிர்த்தது. கைத்துப்பாக்கியின் சரித்திரத்தை நான் வாசிக்கும்போதெல்லாம் இந்த இரண்டு நிமிடத்தைத்தான் தேடுவேன். கெட்டிக்காரர் ஒவ்வொருவரும் அதில் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிக்கொண்டே வந்திருக்கிறார்கள்.

கேள்வி: றிவோல்வருக்கும் பிஸ்ரலுக்கும் என்ன வித்தியாசம்? எதை யார் கண்டுபிடித்தார்கள்? (தொழில்நுட்பக் கல்லூரி மாணவர், கிளிநொச்சி)

தம்பி, நீங்கள் மெஷின் வேலை படிக்கிறவர் என்பதால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

றிவோல்வரில் ரவைகள் (தோட்டாக்கள்) ஒரு உருளையில் வட்டமாக இருக்கும். குதிரையை (பின்பக்கம் இருக்கும் சிறு சுத்தியலை) இழுக்கும்போது ஒரு சிறு கொக்கி உருளையின் பல்லைத் தள்ளி அடுத்த துளையைக் குழலுக்கு நேரே கொண்டுவரும். ஒரு முளை வந்து அந்த இடத்திலேயே பூட்டும். துளையும் குழலும் மயிரிழை விலகினாலும் சன்னம் (பாய்ந்து போகும் குண்டு) விளிம்பைச் செதுக்கிக்கொண்டு போகும். வட்டத்தைச் சமமாகப் பிரிக்கும் பிரிவுத்தலை வைத்துப் பல்லுச்சில்லு வெட்டியிருந்தால் இந்த நுணுக்கம் உங்களுக்கு விளங்கும்.

சுழல் உருளை என்ற யோசனை சாமுவேல் கோல்ற்றுக்கு முதலே இருந்தது. கேப்பை வைத்து அதை உறுதியாக வேலை செய்யவைத்து, 1836இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றவர் அவர். முதல் தொழிற்சாலை சில வருடங்களில் முறிந்து போனது. 1847இல் அமெரிக்கப் படை 1,000 றிவோல்வர் கேட்டபோதுதான் நிமிர்ந்தார். வோக்கர் என்ற அந்த வகை ஏறக்குறைய இரண்டு கிலோ நிறை.

எனக்கு அந்தத் துவக்கைவிட அவருடைய ஹார்ட்ஃபோர்ட் தொழிற்சாலைதான் பெரிதாகத் தெரிகிறது. அரத்தால் ராவி ராவி ஒவ்வொன்றையும் தனியாகப் பொருத்திய காலத்தில், பாகங்களை இயந்திரத்தில் ஒரே அளவாக வெட்ட அங்கே முனைந்தார்கள். அங்கே வேலை பார்த்த பிறாற், விற்னி என்ற இருவர் 1860இல் தங்கள் சொந்த இயந்திரப் பட்டறையைத் தொடங்கினார்கள். இன்று விமான எஞ்சினில் காணும் பிறாற் அன் விற்னி என்ற பெயர் அங்கிருந்து வந்ததுதான். எங்கள் கையிலுள்ள லேத்துக்கும் மில்லிங்குக்கும் அந்த வம்சத்தில் உறவு உண்டு. உயிரெடுக்கும் சாமான் செய்யப்போய்த்தான் இவ்வளவு நுணுக்கமும் வந்தது என்பது எனக்கு எப்போதும் வலிக்கிற விசயம்.

1857இல் ஸ்மித் அன் வெசன் செய்த சிறிய .22 றிவோல்வர் அடுத்த வெட்டு. மருந்து, சன்னம், வெடிக்கும் இரசாயனம் மூன்றையும் ஒரே உலோகக் கோதுக்குள் அடைத்துவிட்டார்கள். இடிப்பதும் இல்லை, கேப் தேடுவதும் இல்லை. அப்பா மருந்து கொட்டிய நிலம், அம்மாவின் கைப்பொத்தல், இரண்டுக்கும் இனி அங்கே இடமில்லை.

பிஸ்ரல் என்று நாங்கள் சொல்வது பெரும்பாலும் தானியங்கி வகையை. அதற்கு வழிவிட்டது புகையில்லா மருந்து. பிரான்சில் போல் வியேய் 1884இல் செய்தது. கருமருந்து சுட்டால் குழலிலும் பூட்டிலும் அடுப்புக்கரி மாதிரிப் படியும், நுணுக்கமான இயந்திரம் இறுகிப்போகும். புது மருந்தில் அந்தக் கரி இல்லை. பிறகு சுடும்போது பின்னுக்கு வரும் உதைப்பையே வேலைக்காரனாக்கினார்கள். உதைப்பு வெற்றுக் கோதை வெளியே எறியும், ஸ்பிறிங்கை அழுத்தும். ஸ்பிறிங் திரும்பி வரும்போது பிடிக்குள் இருக்கும் ரவைக்கூட்டிலிருந்து அடுத்த ரவையை ஏற்றும். 1893இல் ஹியூகோ போர்ஷார்ட், 1896இல் மௌசர், பிறகு லூகர் என்று ஜேர்மனியில் வரிசையாக வந்தன.

ஆனால் இன்றைய பிஸ்ரலின் உடம்பை வரைந்தவர் ஜோன் பிறவுணிங் என்ற அமெரிக்கர்தான். குழலை மூடிக்கொண்டு முன்னும் பின்னும் ஓடும் மேல்மூடி அவர் கொண்டுவந்தது. அவருடைய 1911 மாதிரியை ஏற்குமுன் 6,000 ரவைகள் சுட்டுச் சோதித்தார்கள். ஒரு தரமும் இறுகவில்லை. அமெரிக்கப் படை அதை 1985 வரை வைத்திருந்தது. ஒரு வரைபடம் 74 வருடம் நின்றது என்றால் வரைந்தவனின் தலையை மெச்சத்தான் வேண்டும்.

மெச்சிவிட்டு இதையும் பாருங்கள். 1914இல் சரயேவோவில் ஒஸ்ரிய இளவரசரைச் சுட்டு முதலாம் உலகப் போருக்குத் தீ வைத்தது பிறவுணிங் வரைந்த பிஸ்ரல். 1948இல் காந்தியைச் சுட்டது இத்தாலிய பெரெற்றா. 1959இல் எங்கள் நாட்டுப் பிரதமர் பண்டாரநாயக்கவை அவருடைய வீட்டிலேயே சுட்டது றிவோல்வர். இவை மூன்றும் துணிக்குள் மறைத்துக்கொண்டு கிட்டப் போகக்கூடியவை. மக்ஸிமிலியன் பயந்தது சரிதான்.

கேள்வி: பிளாஸ்ரிக் பிஸ்ரல் விமான நிலைய ஸ்கானரில் தெரியாது என்று மகன் சாதிக்கிறான். உண்மையா? (வாசகி, மாங்குளம்)

பொய், தங்கச்சி. மகன் சொல்வது குளொக். ஒஸ்ரியாவில் காஸ்ரன் குளொக் என்பவர் யன்னல் சீலைக் கம்பியும் கத்தியும் செய்துகொண்டிருந்தவர். அதற்கு முதல் துவக்கே செய்ததில்லை. 1982இல் அவருடைய பிஸ்ரலை ஒஸ்ரிய இராணுவம் எடுத்தது. கைப்பிடியும் உடலும் பொலிமர், சரி. குழலும் மேல்மூடியும் ஸ்பிறிங்கும் உருக்கு. ஸ்கானரில் நன்றாகத் தெரியும். பொலிமர் உடலோடு 1970இலேயே ஜேர்மன் நிறுவனம் ஒன்று செய்துவிட்டது என்பதையும் மகனுக்குச் சொல்லுங்கள்.

கேள்வி: இனிமேல் வரப்போகும் துப்பாக்கிகள் எப்படி இருக்கும்? (வாசகர், தருமபுரம்)

இரண்டு பாதை தெரிகிறது. இரண்டும் எதிரெதிர்ப் பக்கம் போகின்றன.

ஒன்று, உரியவன் கையில் மட்டும் சுடும் துவக்கு. 2014இல் ஜேர்மனியின் ஆர்மற்றிக்ஸ் நிறுவனம் ஒரு .22 பிஸ்ரலை அமெரிக்கச் சந்தைக்குக் கொண்டுபோனது. கூடவே ஒரு கைமணிக்கூடு. மணிக்கூடு கிட்ட இல்லாவிட்டால் பிஸ்ரல் சுடாது. அதை விற்கப் போன கடைக்காரர்களுக்குக் கொலை மிரட்டல் வந்தது. இது வந்தால் மற்றத் துவக்குகளைச் சட்டம் தடுத்துவிடும் என்று பயந்தவர்களின் வேலை. 2017இல் ஒருவர் சில மலிவான காந்தங்களைப் பக்கத்தில் பிடித்து அந்தப் பூட்டைத் தோற்கடித்துக் காட்டினார். 2023இல் பயோஃபயர் என்ற அமெரிக்க நிறுவனம் விரல்ரேகையும் முகமும் பார்த்துத் திறக்கும் பிஸ்ரலை அறிவித்தது.

பூட்டு என்றால் உடைப்பவனும் இருப்பான். அது எனக்குத் தெரியும். ஆனாலும் இந்தப் பாதையில் போகிற பொறியியலாளர்களுக்கு நான் கைகூப்புவேன். கட்டிலுக்குக் கீழே கிடந்த துவக்கை எடுத்து விளையாடிய பிள்ளைக்கு அந்தப் பூட்டு திறக்காது அல்லவா? 500 வருடமாகச் சுடுவதை இலகுவாக்கினார்கள். இப்போதுதான் ஒருசிலர் அதைக் கொஞ்சம் கடினமாக்க முயல்கிறார்கள். எங்கள் அம்மாவின் கைப்பொத்தலை இயந்திரத்தில் செய்யப் பார்க்கிறார்கள் என்று எனக்குப் படுகிறது. ஆனால் ஒன்று: உரியவனே கோபத்தில் எடுத்தால் அந்தப் பூட்டு உடனே திறக்கும். அப்பாவின் இரண்டு நிமிடம் அதில் இல்லை.

மற்றப் பாதை வீட்டிலேயே அச்சடிப்பது. 2013இல் அமெரிக்காவில் கோடி வில்சன் என்பவர் முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் ஒரு பிளாஸ்ரிக் கைத்துப்பாக்கி செய்து, அதன் வரைபடத்தை இணையத்தில் விட்டார். அரசு எடுக்கச் சொல்வதற்குள் ஒரு இலட்சம் தடவைக்குமேல் இறக்கிவிட்டார்கள். இலக்கமில்லை, அனுமதிப்பத்திரமில்லை. துவக்குச் சட்டம் மிகக் கடுமையான ஜப்பானில் 2022 யூலையில் முன்னாள் பிரதமர் ஷின்சோ அபே வீட்டில் செய்த துவக்கால் கொல்லப்பட்டார். அது அச்சடித்ததல்ல, ஆனாலும் சட்டம் கடையைப் பூட்டினால் போதாது என்பதை அது காட்டியது. பட்டறை வைத்திருக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு இது தனிப்பட்ட விசயம். யாராவது ஒரு குழலைக் கொண்டுவந்து "ஐயா, இதைக் கொஞ்சம் கடைஞ்சு தாங்கோ" என்றால், என்னத்துக்கு என்று கேட்காமல் நான் மெஷினைப் போடுவதில்லை.

கேள்வி: தோட்டத்தில் மலசலகூடக் குழி வெட்டும்போது துருப்பிடித்த பிஸ்ரல் ஒன்று வந்தது. கழுவித் துடைத்து ஞாபகத்துக்கு வைத்திருக்கலாமா? (வாசகர், விசுவமடு)

வேண்டாம் ஐயா. தயவுசெய்து வேண்டாம்.

முதலாவது, சட்டம். 1916ஆம் ஆண்டுத் துப்பாக்கிச் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. அனுமதிப்பத்திரம் இல்லாமல் வைத்திருந்தால், துருப்பிடித்ததென்று சொல்லித் தப்ப முடியாது.

இரண்டாவது, துருவைக் கண்டு ஏமாறக்கூடாது. ரவையின் கோது பித்தளை. மண்ணுக்குள் பச்சை பிடித்தாலும் உள்ளே மருந்து காய்ந்தபடி பல வருடம் கிடக்கும். ஸ்பிறிங் அழுத்தத்தோடு இறுகி நிற்கும். சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினால் அது விலகப் போதும். மீள்குடியேறி வந்த புதிதில் ஒரு பொடியன், பன்னிரண்டு வயது இருக்கும், பழைய இரும்புச் சாக்கோடு என் பட்டறைக்கு வந்தான். நான் திரும்புவதற்குள் ஒரு பித்தளைச் சாமானை வைஸில் இறுக்கி இரும்பு அரியும் வாளையும் எடுத்துவிட்டான். பித்தளைக்கு விலை கூடவாம். குனிந்து அடிப்பக்கத்தைப் பார்த்தேன். நடுவில் இருக்கும் சின்ன வட்டத்தில் ஒரு பள்ளமும் இல்லை. சுடப்படாத ரவை. அந்தப் பிள்ளையின் கையை எப்படிப் பிடித்து இழுத்தேன் என்று இன்றைக்கும் தெரியாது. பள்ளம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நீங்கள் கிட்டப்போகாதீர்கள். பார்த்து முடிவுசெய்வது எங்கள் வேலை இல்லை.

உங்கள் கடிதத்தில் தொலைபேசி இலக்கம் இருந்ததால், இதழ் வரும்வரை பொறுக்காமல் அன்றிரவே எடுத்தேன். மகன் அதை மண்ணெண்ணெய் வாளியில் ஊறப்போட்டிருப்பதாகச் சொன்னீர்கள். வாளியை அசைக்காமல், அடுப்பை அணைத்து, பிள்ளைகளோடு வெளியில் இறங்கி 119க்கு எடுக்கச் சொன்னேன். மற்ற வாசகர்களுக்கும் அதுதான்: தொடாமல், ஒரு தடி நட்டுத் துணி கட்டி அடையாளம் வைத்துவிட்டு, கிராம அலுவலருக்கோ பொலிஸுக்கோ சொல்லுங்கள். கிணற்றில் எறியாதீர்கள், திரும்பப் புதைக்காதீர்கள்.

அடுத்தநாள் மத்தியானம் நீங்களே அழைத்துச் சொன்னீர்கள். குண்டு செயலிழக்கச் செய்பவர்கள் வந்து வாளியோடு எடுத்துப் போனார்களாம். ரவைக்கூட்டில் மூன்று இருந்ததாம். நாலாவது குழலுக்குள்.